பழைய கார் பார்க்கப் போன பனங்காட்டு மாமா

உடன்குடிப் பக்கத்தில் பனங்காடும் கொஞ்சம் முருங்கையும் வைத்திருக்கும் ஒரு வீட்டில் ஆறு மாதமாக ஒரு வழக்கு நடக்கிறது. வழக்குக்குக் காரணம், தோட்டத்து ஓட்டுக் கொட்டகையில் நிற்கும் ஓர் அம்பாசடர் கார். ஒரு பக்கம் எழுபதைத் தாண்டிய மாமா. இன்னொரு பக்கம் அவருடைய அக்காள் மகன். மாமாவின் மகளைக் கட்டியவரும் அவரே என்பதால் இரண்டு வகையிலும் மருமகன்.

கொட்டகையைக் காலி செய்து, தரைக்கு டைல்ஸ் போட்டு, கருப்பட்டி உலர்த்தவும் பெட்டி போடவும் ஒரு அறை ஆக்க வேண்டும் என்பது மருமகன் கட்சி. உடன்குடி கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர்களிலிருந்து பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். மழைக்காலத்தில் ஈரம் கோத்துக் கசிந்த கருப்பட்டியை அனுப்பினால் இரண்டாம் முறை யார் கேட்பார்கள்? அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கார் நகர்ந்து பல வருடம் ஆகிறது. காயலான் கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்து, கிலோ கணக்கில் விலையும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"அப்பா வாங்குன வண்டி. எடைக்குப் போடுததுக்கு அது என்ன முருங்கக்காயா?" என்பது மாமாவின் வாதம். அதற்கு மேல் அவரிடம் வாதம் கிடையாது, அதையே திரும்பத் திரும்பச் சொல்வார்.

பழைய இரும்புக் கடைக்குத் தமிழ்நாடு முழுக்கக் காயலான் கடை என்று பெயர் வந்தது, காயல்பட்டினத்துக்காரர்கள் அந்தத் தொழிலில் இருந்ததால்தான் என்பார்கள். உடன்குடியிலிருந்து திருச்செந்தூரைத் தாண்டினால் காயல்பட்டினம். "மத்தவங்களுக்குத்தான் அது கடை. நமக்கு அடுத்த ஊரு. எப்ப வேணும்னாலும் போடலாம், இப்ப என்ன அவசரம்?" என்று மாமா இதையும் தமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்வார்.

ஜூலை மாதம் கோவை கொடிசியா வளாகத்தில் நடக்கும் 'அக்ரி இன்டெக்ஸ்' கண்காட்சிக்கு ஊரிலிருந்து ஒரு வேன் கிளம்பியது. மருமகன் பார்க்க விரும்பியது சோலார் உலர்த்தியும் பொட்டலம் கட்டும் மெஷினும். மாமா வந்தது வேடிக்கை பார்க்க. ராத்திரி முழுக்க வேன் ஓட்டம், பகல் முழுக்க ஸ்டால் ஸ்டாலாக நடை. மறுநாள் ஊர் திரும்ப மதியம் வரை நேரம் இருந்தது. அதே அவினாசி சாலையில் பழைய கார்களுக்கென்று ஒரு மியூசியம் இருப்பதாக வேன் டிரைவர் சொன்னார்.

"பழைய காரையா? டிக்கெட் எடுத்தா?" என்று முதலில் சிரித்தவர் மருமகன்தான். பிறகு அவரே முதலில் வேனில் ஏறினார். மினுக்கி வைத்த நிஜமான பழைய கார்களை மாமா ஒரு தடவை பார்த்துவிட்டால், தம் கொட்டகையில் இருப்பது வெறும் இரும்பு என்று ஒத்துக்கொள்வார் என்று அவருக்கு ஒரு கணக்கு. மாமாவுக்கும் ஒரு கணக்கு இருந்தது. அதை அவர் வெளியே சொல்லவில்லை.

முக்கால் குதிரையும் ஒரு குதிரையும்

ஜி.டி.நாயுடு அறநிலையம் நடத்தும் ஜி.டி. கார் மியூசியம் 2015-ல் திறக்கப்பட்டது. நாயுடு காலத்தில் வாங்கிய வண்டிகளும் அவர் மகன் ஜி.டி.கோபால் சேர்த்தவையும் நாடு வாரியாகப் பிரித்து நிறுத்தப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு வண்டிக்கும் பக்கத்தில் அதன் கதை எழுதியிருக்கிறது. படித்துக்கொண்டே போனால் ஒரு பகல் போதாது. செல்ஃபி எடுத்துக்கொண்டே போனால் அரை மணி நேரம்.

நாயுடு விவசாய வீட்டுப் பிள்ளை. சூலூர் அருகே கலங்கலில் 1893-ல் பிறந்தவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மனசைப் பறிகொடுத்து, கோவையில் ஹோட்டல் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதையே விலைக்கு வாங்கிப் பிரித்துப் பூட்டிப் படித்தவர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ் விட்டார். அது பின்னால் யூ.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. 1937-ல் இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்து காட்டிய முயற்சியில் அவரும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்திருந்தார்கள். கோவை இன்று பம்புசெட் ஊராக இருப்பதற்கு அந்தக் காலத்து ஆட்கள்தான் விதை போட்டார்கள். பருத்தி, பப்பாளி என்று செடிகளையும் அவர் சும்மா விடவில்லை. ஊசி போட்டும் கலப்புச் செய்தும் பார்த்தவர்.

"விவசாயிதான் இதெல்லாம் சேத்து வச்சிருக்காரு, பாத்தியா?" என்று மாமா தொடங்கினார். மருமகன் கேட்காதது போல முன்னே நடந்தார்.

முதலில் கண்ணில் படுவது மூன்று சக்கரத்தில் நிற்கும் ஒரு வண்டி. கார்ல் பென்ஸ் ஜெர்மனியில் 1886 ஜனவரி 29-ல் காப்புரிமைக்குப் பதிவு செய்த மோட்டார் வண்டியின் மாதிரி இது. மேலே கூரை கிடையாது, முன்னால் கண்ணாடி கிடையாது. சைக்கிள் கடையும் சாரட்டு வண்டியும் கல்யாணம் செய்துகொண்ட மாதிரி ஒரு தோற்றம். அதன் இன்ஜின் பலம் முக்கால் குதிரைத்திறன்.

மாமா அந்த இடத்தை விட்டு நகரவில்லை. "நம்ம வீட்டு போர் மோட்டார் ஒரு ஹெச்பி. அதுல மூணு சக்கரம் மாட்டுனா இவரை முந்திரலாம் போலுக்கே!"

இந்த வண்டியை நீண்ட தூரம் முதலில் ஓட்டியது பென்ஸ் இல்லை, அவர் மனைவி பெர்த்தா. 1888 ஆகஸ்டில் ஒரு நாள் விடியற்காலையில், கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து தன் தாய் வீடு இருந்த ஃபோர்ஸ்ஹைமுக்குக் கிளம்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அப்போது பெட்ரோல் பங்க் ஏது? வழியில் வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடைக்காரரிடம் துணியில் கறை எடுக்கும் எண்ணெய் இருந்ததை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தும் ஊசியால் குத்தி எடுத்தார். ஏற்றத்தில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். இறக்கத்தில் மரப் பிரேக் தேய்ந்துபோகவே, ஒரு செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தி அதன்மேல் தோல் அடித்து வாங்கினார். பிரேக் லைனிங் என்று இன்று கடையில் காசு கொடுத்து வாங்குவதற்கு அதுதான் தொடக்கம். விற்காமல் கிடந்த வண்டிக்கு அந்த ஒரு பயணம் பெயர் வாங்கிக் கொடுத்தது.

"தாய் வீட்டுக்குப் போவணும்னா பொம்பளைங்க என்னத்தையும் ஓட்டிருவாவ" என்றார் மாமா. பக்கத்தில் நின்ற கோவைக்காரப் பெண்கள் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

கட்டைவிரல் பாடம்

ஃபோர்டு மாடல் டி-க்கு முன்னால் வந்ததும் இரண்டு பேரின் நடையும் மாறியது. மருமகனுக்கு அது சினிமாவில் பார்த்த கார். மாமாவுக்கு அது வேறு ஏதோ.

1908-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து 1927 வரை ஓடிய மாடல் இது. மொத்தம் ஒன்றரைக் கோடி வண்டிகள். வந்தபோது விலை 850 டாலர். ஆட்கள் நின்ற இடத்தில் நிற்க, வண்டி நகர்ந்து வரும் முறையை 1913-ல் ஹென்றி ஃபோர்டு கொண்டுவந்த பிறகு விலை இறங்கிக்கொண்டே போய், 1925-ல் 260 டாலரில் வந்து நின்றது. ஃபோர்டும் விவசாயி மகன்தான். வாங்கியவர்களிலும் விவசாயிகள் ஏராளம். தார் ரோடு இல்லாத ஊர்களில் ஓட வேண்டும் என்று உயரமாக, எடை குறைவாக, மரக்கால் போட்ட சக்கரத்துடன் செய்திருந்தார்கள். பின் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, பெல்ட் மாட்டி, மரம் அறுக்கவும் தண்ணீர் இறைக்கவும் தானியம் அரைக்கவும் பயன்படுத்தினார்கள். காரையே டிராக்டராக மாற்ற உதிரி பாகங்கள்கூடக் கடையில் விற்றன.

காலடியில் மூன்று பெடல். ஆனால் மூன்றில் ஒன்றுகூட ஆக்ஸிலேட்டர் இல்லை. இடது பெடல் கியருக்கு, நடுவில் இருப்பது ரிவர்ஸுக்கு, வலது பெடல் பிரேக்குக்கு. ஆக்ஸிலேட்டர், ஸ்டீயரிங் அருகே கையால் இழுக்கும் ஒரு குச்சி. இன்றைய டிரைவர் ஏறினால் முதல் நிமிடத்திலேயே சுவரில் மோதுவார். டிராக்டர் ஓட்டியவர் கொஞ்சம் தப்பிப்பார், கை ஆக்ஸிலேட்டர் அவருக்குப் பழக்கம். பெட்ரோல் தானாக வழிந்து இன்ஜினுக்கு வரும் அமைப்பு என்பதால், டேங்க்கில் எண்ணெய் குறைவாக இருந்தால் செங்குத்தான மேட்டில் வண்டி திணறும். அதற்கு அந்தக் காலத்து வைத்தியம் வேடிக்கையானது. வண்டியைத் திருப்பி, ரிவர்ஸிலேயே மலை ஏறினார்கள்.

மாமா பார்த்தது முன்னால் தொங்கிய கைப்பிடியை.

"இங்கன வா மாப்ள. இதை எப்படிப் பிடிக்கணும் சொல்லு."

மருமகன் காற்றில் கையை முறுக்கிக் காட்டினார், கட்டைவிரலைச் சுற்றி வளைத்து.

"போச்சு. கட்டைவிரல் போச்சு. மணிக்கட்டும் போச்சு."

கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யும் இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் கைப்பிடி திரும்பி அடிக்கும். அதனால் கட்டைவிரலை மற்ற நாலு விரல்கள் இருக்கும் பக்கமே வைத்து, கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். உதைத்தால் கை தானாக விலகிவிடும். உடன்குடிப் பக்கம் கரண்ட் வருவதற்கு முன் ஆயில் இன்ஜின் வைத்துக் கிணற்றுத் தண்ணீர் இறைத்தவர்கள் எல்லாருக்கும் இந்தப் பாடம் தெரியும். படிக்காதவர்களுக்குக் கை எலும்பு சொல்லிக் கொடுத்திருக்கும். அமெரிக்காவிலும் இதே கதைதான். சுற்றும்போது உதைத்து ஆட்கள் அடிபட்டார்கள், செத்தும் போனார்கள். 1912-ல் காடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் வந்த பிறகுதான் கார்க்காரர்களின் கைக்கு விடுதலை.

"நம்ம தேரியில இது ஓடுமா மாமா?" என்று மருமகன் கேட்டார். வந்ததிலிருந்து அவர் கேட்ட முதல் நிஜமான கேள்வி அதுதான். மாமா சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். உயரம் உண்டு, அகலம் இல்லை. "சேத்துல போவும். செம்மணல்ல புதைஞ்சிரும். தேரிக்கு ஒட்டகப் பாதம் மாதிரி அகல டயரு வேணும், காத்தையும் பாதி இறக்கணும்." தீர்ப்பு வழங்கியாகிவிட்டது.

உழுத வயலில் முட்டைக் கூடை

பெரிய ஆடம்பரக் கார்களுக்கு முன்னால் கூட்டம் அதிகம். அங்கே மாமாவுக்கு வேலை இல்லை. பிரான்ஸ் பகுதியில் சித்ரோவன் 2சிவி-யின் கதையை மருமகன் படித்துச் சொன்னபோதுதான் மறுபடி உட்கார இடம் தேடினார்.

1930-களில் சித்ரோவன் கம்பெனியை நடத்திய பியர் புலாஞ்சே தம் இன்ஜினியர்களுக்கு ஒரு கட்டளை போட்டார். மாட்டுவண்டியை விட்டால் வேறு வழி இல்லாத விவசாயிக்கு ஒரு கார் வேண்டும். இரண்டு விவசாயிகள் மரச்செருப்போடு ஏற வேண்டும், 50 கிலோ உருளைக்கிழங்கு ஏற்ற வேண்டும், 60 கிலோமீட்டர் வேகம் போக வேண்டும், 3 லிட்டரில் 100 கிலோமீட்டர் கொடுக்க வேண்டும். ஒரு கூடை முட்டையை வைத்து உழுத வயலின் குறுக்கே ஓட்டினால் ஒரு முட்டைகூட உடையக் கூடாது. 1948-ல் பாரிஸ் கண்காட்சியில் வண்டி வெளிவந்தபோது பத்திரிகைக்காரர்கள் கேலி செய்தார்கள். தகரப் பெட்டி என்றார்கள். 375 சிசி, 9 குதிரைத்திறன், தண்ணீர் ஊற்ற வேண்டாத ஏர்கூல் இன்ஜின். கூரை கித்தான். உயரமான சாமான் இருந்தால் கூரையைப் பாயாகச் சுருட்டிவிடலாம். சீட்டைக் கழற்றி வயலில் போட்டு உட்கார்ந்து சாப்பிடலாம். கேலி செய்தவர்கள் ஓய்ந்தார்கள், வண்டி 1990 வரை ஓய்வில்லாமல் வந்தது.

விவசாயிக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டுவிட்டுப் பிறகு மெஷின் செய்த கதை இது. முந்தைய நாள் கண்காட்சியில் பார்த்த பல மெஷின்கள் தலைகீழாக, செய்துவிட்டு விவசாயியைத் தேடிக்கொண்டிருந்தன.

"முட்டை சரி. பதனீர்க் கலயம் வச்சு ஓட்டிக் காட்டச் சொல்லு. தளும்பாம வந்தா நான் ஒத்துக்கிடுதேன்" என்றார் மாமா.

அதே பலகைக் கதையின் இன்னொரு பகுதிதான் வழக்கைக் கிளப்பியது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் பிரான்ஸுக்குள் வந்தபோது, இந்த வண்டியின் முதல் மாதிரிகள் அவர்கள் கையில் சிக்கக் கூடாது என்று சித்ரோவன் ஆட்கள் பலவற்றை அழித்தார்கள், சிலவற்றை ஒளித்தார்கள். 1990-களில், ஐம்பது வருடம் கழித்து, அவற்றில் மூன்று ஒரு தானியக் கொட்டகையின் பரணில் கிடைத்தன.

"கொட்டகையில!" என்றார் மாமா. ஒரே ஒரு வார்த்தை. மருமகன் வாயைத் திறக்கவில்லை.

கரி குடித்த பஸ், காணாமல் போன ரயில்

கார் கதை என்றால் கோவைக்கு நாயுடு, நெல்லைச் சீமைக்கு டி.வி.எஸ். அந்தக் கம்பெனியைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் அய்யங்கார் பிறந்தது திருக்குறுங்குடியில். மதுரையில் பஸ் விட்டுத் தொடங்கியவர். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, பஸ்ஸின் பின்னால் மாட்டும் கரி அடுப்பை அவர் கம்பெனி செய்து விற்றது. மூடிய உருளையில் கரியைப் போட்டு, காற்றைக் குறைவாக விட்டு எரித்தால், முழுக்க எரியாத வாயு வரும். அதைக் குளிரவைத்துச் சலித்து இன்ஜினுக்கு அனுப்பினால் ஓடும். பெட்ரோலின் பலம் இருக்காது. ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்க வேண்டியதுதான். மாமாவின் அப்பா அப்படிப்பட்ட கரி பஸ்ஸில் போனவர். கண்டக்டர் கம்பியால் அடுப்பைக் கிளறும்வரை ரோட்டோரம் காத்திருந்ததையும், வேட்டியெல்லாம் கரி ஆனதையும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம். சிரிக்க முடியாத விஷயமும் அதில் உண்டு. அந்த வாயுவில் இருப்பது கார்பன் மோனாக்ஸைடு. மூடிய ஷெட்டில் ஓட்டினால் ஆளைக் கொல்லும். பண்ணைக் கழிவை எரித்து வாயு எடுத்து இன்ஜின் ஓட்டும் இன்றைய கருவிகளுக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும்.

கரி பஸ்ஸிலிருந்து பேச்சு உடன்குடி ரயிலுக்குத் தாவியது. இன்று ரயில் ஏற வேண்டுமென்றால் உடன்குடிக்காரர்கள் திருச்செந்தூர் போக வேண்டும். ஒரு காலத்தில் ரயில் உடன்குடிக்கே வந்தது. குலசேகரன்பட்டினத்தில் பாரி கம்பெனி வைத்திருந்த சர்க்கரை ஆலைக்காகப் போட்ட சிறு ரயில் பாதை அது. திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினம், உடன்குடி வழியாகத் திசையன்விளை வரை போனது. பனை வெல்லம்தான் ஆலைக்குச் சரக்கு. ஆலை நின்றது, 1940-ல் ரயிலும் நின்றது, தண்டவாளத்தையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

"பனைக்குன்னு ஓடுன ரயிலு. அதுல ஒரு சக்கரம் நம்ம கையில இருந்தா, நம்ம ஊர்லயும் நாலு பேரு டிக்கெட் எடுத்துப் பாப்பானுவல்லா?" இதைச் சொல்லும்போது மாமா சிரிக்கவில்லை.

இன்ஜின் மாறின கதை

மருமகன் தம் கடைசி அஸ்திரத்தைக் கோவை மெக்கானிக் ஒருவரிடம் எடுத்தார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மியூசியம் பார்க்க வந்திருந்தவர், பழைய வண்டிகளை ரிப்பேர் பார்ப்பவர். மாமாவின் கார் படம் செல்போனில் இருந்தது. மெக்கானிக் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, முன் கிரில்லை வைத்தே மார்க் 2 என்றார். 1960-களின் தொடக்கத்திலிருந்து 1970-களின் நடுப்பகுதிவரை வந்த மாடல். அப்படியானால் வயது ஐம்பதைத் தாண்டியது.

ஐம்பது என்ற எண்ணுக்கு ஒரு அர்த்தம் உண்டு. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டிய, வாடகைக்கு ஓடாத சொந்த உபயோக இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். பரிவாஹன் தளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் கழித்து மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வண்டியில் தினமும் சந்தைக்குப் போக முடியாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க என்று சில வேலைகளுக்கு மட்டும்தான் ரோட்டில் இறக்கலாம். இன்னொரு நிபந்தனை முக்கியம். சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றும் கம்பெனி கொடுத்தபடி இருக்க வேண்டும்.

"இன்ஜின் ஒரிஜினல்தானுங்களே?" என்றார் மெக்கானிக்.

மாமா கூரையைப் பார்த்தார். மருமகன் மாமாவைப் பார்த்தார்.

"பெட்ரோல் விலை ஏறுனப்ப அப்பா அதைக் கழத்திட்டு மெட்டடார் டீசல் இன்ஜின் ஏத்துனாவ..."

அன்று பல ஊர்களில் பல அம்பாசடர்களுக்கு நடந்த ஆபரேஷன்தான் இது. மருமகன் முகத்தில் வெற்றி தெரிந்தது. அது நிலைத்தது மெக்கானிக் அடுத்த கேள்வி கேட்கும் வரைதான். கழற்றிய பெட்ரோல் இன்ஜின் எங்கே? பம்ப் ரூமில், ஓலைக்கு அடியில். விற்கவில்லையா? "அப்பா விக்க விடலை." இன்ஜின் நம்பர் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் நம்பரோடு ஒத்துப்போனால், அதையே திரும்ப ஏற்றலாம் என்றார் மெக்கானிக். செலவு ஆகும். அம்பாசடர் 2014 வரை வந்த வண்டி, டாக்ஸியாக நாடு முழுக்க ஓடிய வண்டி என்பதால் சாமான் கிடைப்பது அவ்வளவு கஷ்டம் இல்லை. ஆனால் இன்ஜின் மாற்றியது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா, பதிவு கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதைப் பார்க்காமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். காகிதம் இல்லாத பழைய காருக்கு இரும்பு விலைதான்.

மருமகனுக்கும் அவர் ஒன்று சொன்னார், அது எல்லா வீட்டுக்கும் பொருந்தும். எடைக்கே போடுவதானாலும் சும்மா தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது. வண்டி அழிந்தாலோ நிரந்தரமாக ஓடாமல் போனாலோ, பதினான்கு நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அதைச் செய்யாமல் விட்டால், அந்த நம்பரையும் சேஸிஸையும் வேறு யாராவது வேறு எதற்காவது பயன்படுத்தினால், போலீஸ் வந்து நிற்பது பழைய உரிமையாளர் வீட்டு வாசலில்தான். டிராக்டருக்கும் டெம்போவுக்கும் இதே கதை.

அதுவரைக்கும் வண்டியை எப்படி வைப்பது? கடற்கரை ஊர் என்றதும் மெக்கானிக் முதலில் கேட்டது தார்ப்பாய் போட்டிருக்கிறீர்களா என்று. போட்டிருக்கிறார்கள். அதை எடுத்துவிடச் சொன்னார். தார்ப்பாய்க்குள் உப்புக் காற்றும் ஈரமும் அடைபட்டுத் துரு வேகமாகப் பிடிக்கும். பருத்தித் துணி போதும், காற்று போக வேண்டும். நாலு பக்கமும் கட்டை கொடுத்துச் சக்கரத்தைத் தரையை விட்டுத் தூக்க வேண்டும். பேட்டரியைக் கழற்ற வேண்டும். ரேடியேட்டர் தண்ணீரை வடிக்க வேண்டும். இன்ஜினுக்குள் சிலிண்டர் பக்கம் கொஞ்சம் ஆயில் விட்டு, மாதம் ஒரு தடவை கையால் சுற்றி விட வேண்டும். பருவம் முடிந்து மாதக்கணக்கில் சும்மா நிற்கும் ஆயில் இன்ஜினுக்கும் பவர் டில்லருக்கும் இதையே செய்யலாம்.

வெளியே வந்ததும் மருமகன் ஒரு புதுக் கணக்கு போட்டார். கொட்டகைதானே வேண்டும், காரைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பழைய விடிலிப் பக்கம் ஒரு தகரக் கூரை இறக்கி நிறுத்திவிட்டால் கொட்டகை காலி. ஆர்.சி. கிடைத்து நம்பர் ஒத்துப்போனால் மேற்கொண்டு யோசிக்கலாம். கிடைக்காவிட்டால் முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டு எடைக்கு. மாமா இதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவருடைய கணக்கில் இது வெற்றிதான் போலிருக்கிறது.

வேன் கிளம்பியதும் மருமகன் ஊருக்குப் போன் போட்டார். "அத்தை, தாத்தாவோட ஓலைப்பெட்டியில கார் ஆர்.சி. புக் கிடக்கான்னு பாருங்க. நாளைக்கு நாலு ஆளைக் கூப்பிட்டு காரைத் தள்ளணும்."

மறுமுனையில் அத்தை போட்ட சத்தம் ஸ்பீக்கர் இல்லாமலே வேன் முழுக்கக் கேட்டது. "புக்கு இருந்தா எடுத்து வைக்கேன். காரைத் தொடப்படாது. பின் சீட்டுல கோழி அடை வச்சிருக்கேன், பதினோரு முட்டை. வச்சு நாலு நாள்தான் ஆச்சு. குஞ்சு பொரிக்காம ஒருத்தரும் வண்டியை அசைக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

"மிச்சம் பதினேழு நாளு" என்று மாமா விரல் விட்டு எண்ணிவிட்டு, சீட்டில் சாய்ந்து தூங்க ஆரம்பித்தார்.